மலையேறும்போது விரிசலைப் பாருங்கள்

வணக்கம். மலைக்குப் போனால் உச்சியைப் பார்க்கிறோம், பள்ளத்தாக்கைப் பார்க்கிறோம். காலுக்குக் கீழே இருக்கும் பாறையை யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பாறையைப் பற்றி, அதிலும் அதில் ஓடும் விரிசலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். மலையில் நாம் ரசிக்கிற காட்சிகளில் பாதிக்கு மேல் விரிசலும் தண்ணீரும் சேர்ந்து செய்தவை.

பழனி மலையை எடுத்துக்கொள்வோம். கொடைக்கானலுக்குப் பேருந்தில் போயிருப்பீர்கள். சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் செம்மண் சுவரெழுப்பியது மாதிரி நிற்கும். அதற்குள்ளே பெரிய பெரிய உருண்டைக் கற்கள் பதிந்திருக்கும். ஏதோ பழைய ஆறு உருட்டிக்கொண்டு வந்து போட்டது என்றுதான் தோன்றும். ஆற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கல் பிறந்த இடத்திலேயே இருக்கிறது. குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விட்ட பாறையில் மழைநீர் இறங்குகிறது. விரிசலை ஒட்டிய பகுதி மெல்ல மெல்ல மண்ணாகிறது. மூலைகளுக்கு இரண்டு மூன்று பக்கமிருந்தும் தண்ணீர் வருவதால் அவைதான் முதலில் போகும். நடுவில் மிஞ்சுவது உருண்டை. கிட்டே போய்ப் பாருங்கள், வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காக உரிந்திருக்கும். விரலாலேயே பெயர்த்துவிடலாம். சருகைத் தட்டினால் மொத்தையாக ஓசை வரும். உள்ளே இருக்கும் கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்கும்.

அதே சாலையோரத்தில் புதிதாக உடைந்த கல் ஒன்றைக் கையில் எடுங்கள். மேலே துருப்பிடித்த பழுப்புத் தோல். உள்ளே நீலம் கலந்த கருஞ்சாம்பல், அதில் ஒரு எண்ணெய்ப் பளபளப்பு. இதுதான் சார்னோக்கைட்.

இந்தக் கல்லின் கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. கொல்கத்தாவில் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை இருக்கிறது. அவர் 1693-ல் இறந்தார். கொல்கத்தாவைச் சுற்றி எங்கே தோண்டினாலும் வண்டல் மண்தான், கல்லறைக்குக் கல் கிடைக்காது. அதனால் நம் சென்னைப் பக்கத்திலிருந்து, பல்லாவரத்துக் கல் அங்கே போயிருக்கிறது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்தார். பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் அதுவும் ஒன்றே என்று கண்டு, 1893-ல் அந்தப் பாறை வகைக்கே சார்னாக்கின் பெயரைச் சூட்டினார். இன்று உலகில் எந்த நாட்டில் இந்த வகைப் பாறை கிடைத்தாலும் அதற்கு இதே பெயர்தான். பரங்கிமலைப் படிக்கட்டில் ஏறுகிறவர் எத்தனை பேருக்கு இது தெரியும், சொல்லுங்கள்! நீலகிரி, சேர்வராயன், கொல்லிமலை, பழனி மலை எல்லாவற்றிலும் இந்தக் குடும்பத்துப் பாறை உண்டு.

சரி, விரிசலுக்கு வருகிறேன். இந்தப் பாறை உருவானது தரைக்கு மேலே அல்ல. இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில். நீலகிரிப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். மேலே இருந்த அத்தனை பாறையும் காலப்போக்கில் தேய்ந்து, அடித்துச் செல்லப்பட்ட பிறகுதான் இது வெளியே வந்தது. நாம் நடப்பது பழைய நிலத்தின் அடிவயிற்றின் மேல். தலைச்சுமை இறங்கியதும் பாறை கொஞ்சம் விரிகிறது. விரிந்தால் வெடிக்கத்தானே செய்யும்? மேற்பரப்புக்கு இணையாக வெடித்த இடங்களில் பாறை பாளம் பாளமாகக் கழன்று மொட்டைக் குன்றாகிறது. செங்குத்தான விரிசல்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் தூண் தூணாகப் பிரிகிறது. கொடைக்கானல் தூண் பாறை அப்படித்தான் நிற்கிறது. பனி விலகக் காத்திருக்கும் நேரத்தில் அந்த நேர்க்கோடுகளைத் தேடிப் பாருங்கள்.

நடக்க விருப்பமுள்ளவர்களுக்கு வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்கும் பழைய பாதையைச் சொல்வேன். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நேராக ஓடும் ஓடை திடீரென்று முழங்கை மடக்கியது போலத் திரும்பினால், அங்கே ஒரு விரிசல் இன்னொரு விரிசலைச் சந்திக்கிறது என்று அர்த்தம். அடிவாரத்தில் கும்பக்கரை அருவியில் ஆழமான பாறைக் குழிகள் இருக்கின்றன. யானை, பாம்பு என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். வெள்ளத்தில் மாட்டிய கூழாங்கற்கள் ஒரே இடத்தில் சுழன்று சுழன்று குடைந்த குழிகள் அவை. வழுக்கும், ஓரத்தில் நின்றே பாருங்கள்.

நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டுகிறார்கள். சோலைக்காடுகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். ஒரு வரி மட்டும்: மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருக்கும் மடிப்புகளில் சோலை, மண் மெல்லிய முகடுகளில் புல்.

அப்புறம் நிலச்சரிவு. 2009 நவம்பரில் நீலகிரியில் பல உயிர்கள் போயின. முதலில் சொன்னேனே, பாறை மக்கி மண்ணாவது, அந்த மண் கனமழையில் ஊறிக் கனத்துச் சரிவதுதான் இது. மழைக்காலத்தில் சரிவில் புது வெடிப்பு தெரிந்தாலோ, தெளிவாக இருந்த ஊற்று திடீரென்று கலங்கி வந்தாலோ, அதன் கீழே நிற்காதீர்கள், பக்கவாட்டில் விலகி உடனே வெளியே வந்துவிடுங்கள். வணக்கம்.