கட்டி இருந்தால் கர்ப்பப்பையையே எடுக்கணுமா? அக்காவின் ஸ்கேன் கதை

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையல் இல்லை, அவ்வளவு எரிச்சலில் இருக்கிறேன்.

தீபாவளி வீடியோவில் முறுக்கு பிழிந்தாளே என் அக்கா, அவளுக்கு மாதம் பத்து நாள் ரத்தப்போக்கு. கட்டி கட்டியாகப் போகும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையும். ராத்திரி ரப்பர் ஷீட் விரித்துத்தான் படுப்பாள். "நம்ம வீட்டுல எல்லாருக்கும் இப்படித்தான்" என்று அம்மா சொல்லியே காலம் ஓடிவிட்டது. மாடி ஏற முடியாமல் மூச்சு வாங்கிய பிறகுதான் ரத்தம் சோதித்தோம். ஹீமோகுளோபின் 7.2! பெண்களுக்கு 12-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை.

அடுத்து ஸ்கேன். தண்ணீர் குடித்து மூத்திரப்பை முட்டினால்தான் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியுமாம். சரி, குடித்தாள். அப்புறம் "டாக்டர் இன்னும் வரலை" என்று உட்கார வைத்துவிட்டார்கள். அடக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் விடவில்லை. நாப்கின் வேறு மாற்ற வேண்டும். இவ்வளவுக்கும் 1,200 ரூபாய், ஃபிலிம் கவருக்குத் தனியாக 50 ரூபாய்! அந்த ஐம்பதுக்கு நான் கவுன்டரில் போட்ட சண்டையில், திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ரிப்போர்ட்டில் ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பையில் வளரும் தசைக் கட்டி, 2 சென்டிமீட்டர். முதலில் பார்த்த டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குழந்தைங்கதான் இருக்கே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார். எனக்குப் பிடிக்காத பேச்சு இதுதான். மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்குச் சின்ன வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்தது 2019-ல் பெரிய செய்தியானதே. தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்தணும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

இரண்டாவது டாக்டர் அம்மா காகிதத்தில் படம் போட்டே காட்டினார். அளவைவிட இடம்தான் முக்கியம். கர்ப்பப்பையின் உட்பக்கம் துருத்தும் கட்டி சின்னதானாலும் ரத்தம் கொட்டும். வெளிப்பக்கம் வளர்வது எலுமிச்சை அளவு ஆனாலும் சிலருக்குத் தொந்தரவே இருக்காது. அக்காவுக்கு உட்பக்கம். வயிற்றைக் கிழிக்காமல், கர்ப்பப்பை வாய் வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை மட்டும் எடுத்துவிடலாம் என்றார். முதலில் இரும்புச்சத்து ட்ரிப்ஸ், ரத்தப்போக்கு நாட்களுக்கு அதைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை. ஆகவே, கமெண்டில் பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்லாதீர்கள். 7.2-ஐ அது மட்டும் தூக்கி நிறுத்தாது.

ஆ, ஒன்று விட்டுப்போச்சு. இது புற்றுநோயா என்று அக்கா அழுதே விட்டாள். இந்தக் கட்டிகளில் புற்றுநோய் மிக மிக அபூர்வம். மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். ஆனால் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள், அதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது.

அக்காவுக்கு அடுத்த வாரம் இன்னொரு ட்ரிப்ஸ். நான்தான் துணைக்குப் போகிறேன், அதனால் வியாழக்கிழமை வீடியோ வராது.