சிட்னியா, மெல்பர்னா: அம்மா அப்பா வரும்போது

வணக்கம் நேயர்களே. சுற்றிப் பார்க்க நல்ல ஊர் சிட்னியா, மெல்பர்னா என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நம் ஆட்கள் நாலு பேர் கூடிய இடத்தில் இதைக் கேட்டுவிட்டால் போதும், அப்புறம் சாப்பாடு ஆறிப்போனாலும் பேச்சு ஓயாது.

இந்தப் போட்டி நாம் இங்கே வருவதற்கு வெகு காலம் முன்பே தொடங்கியது. 1851-இல் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும் மெல்பர்ன் மளமளவென்று வளர்ந்து, அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சிட்னியையே முந்திவிட்டது. 1901-இல் எல்லா மாநிலங்களும் ஒரே நாடாகச் சேர்ந்தபோது தலைநகரம் யாருக்கு என்று இழுபறி. கடைசியில் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தார்கள்: தலைநகரம் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில்தான் இருக்க வேண்டும், ஆனால் சிட்னியிலிருந்து 100 மைலாவது தள்ளி இருக்க வேண்டும், அது தயாராகும் வரை நாடாளுமன்றம் மெல்பர்னில் நடக்கும். அப்படிப் பிறந்த ஊர்தான் கான்பெரா. 1927 வரை நாடாளுமன்றம் மெல்பர்னில்தான் கூடியது. ரயில் கதை இதைவிடப் பெரிது. இரண்டு மாநிலங்களும் வெவ்வேறு அகலத்தில் தண்டவாளம் போட்டதால், ஒரு ஊரிலிருந்து மற்ற ஊருக்குப் போகிறவர்கள் எல்லையில் உள்ள ஆல்பரி நிலையத்தில் மூட்டை முடிச்சோடு இறங்கி வேறு ரயிலுக்கு மாற வேண்டியிருந்தது, 1962 வரைக்கும்!

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊர்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஒப்பிடுகிறவர்கள் எல்லாம் மூன்று நாள், நான்கு நாள் கணக்கில்தான் பேசுகிறார்கள். நம் வீட்டுக்கு வருகிறவர்கள் அப்படியா? சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் அம்மா அப்பா வந்தால் மூன்று மாதம் இருக்கிறார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள், இவர்கள் சிட்னியின் வென்ட்வொர்த்வில், மெல்பர்னின் டேண்டினாங் மாதிரி ஒரு புறநகர் வீட்டுக்குள் பகல் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சனிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு விருந்து, ஒரே ஒரு நாள் காரில் போய் ஓபரா ஹவுஸ் முன்னால் நின்று படம். ஊருக்குத் திரும்பிப் போய் "நல்லா இருந்துச்சு" என்கிறார்கள், ஆனால் அவர்கள் ஊரையே பார்க்கவில்லை. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. அதனால் நான் கேட்கிற கேள்வி வேறு: அறுபத்தைந்து வயது அம்மா, யார் துணையும் இல்லாமல் காலையில் கிளம்பி, ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் பத்திரமாக வீடு திரும்ப எந்த ஊர் தோது?

என் பதில் மெல்பர்ன். நகர மையத்தின் தெருக்களை 1837-இல் நேர்கோடாக, கட்டம் கட்டமாகப் போட்டார்கள், வழி தவறிப் போவதே கஷ்டம். மேடு பள்ளம் இல்லாமல் இல்லை, ஆனால் சிட்னி மாதிரி வளைந்து வளைந்து ஏறி இறங்கும் தெருக்களோ, படிக்கட்டுகளோ அவ்வளவு கிடையாது, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம். கிளேட்டனிலோ டேண்டினாங்கிலோ ரயில் ஏறினால் மையத்துக்கே வந்துவிடலாம். வந்த பிறகு டிராம். 2015-இலிருந்து மையப் பகுதிக்குள் டிராமுக்குக் காசே வேண்டாம், தப்பான டிராமில் ஏறிவிட்டாலும் கவலை இல்லை, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறிக்கொள்ளலாம். அப்படியே விக்டோரியா மார்க்கெட் போகலாம், காய்கறியைக் கையில் எடுத்துப் பார்த்து விலை கேட்டு வாங்குகிற சந்தை, நம் அம்மாக்கள் அங்கே போனால் முகமே மாறிவிடும். திங்களும் புதனும் சந்தை கிடையாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கால் வலித்தால் மாநில நூலகம் இருக்கிறது, 1913-இல் திறந்த பெரிய குவிமாட வாசிப்புக்கூடம், உள்ளே போக யாரும் காசு கேட்க மாட்டார்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கலைக்கூடம். அதன் வாசலில் பெரிய கண்ணாடிச் சுவர் மேல் தண்ணீர் ஓயாமல் வழிந்துகொண்டிருக்கும், குழந்தைகள் உள்ளங்கையை அதன் மேல் வைத்துத் தண்ணீரைப் பிரித்து விளையாடுவார்கள், தாத்தா பாட்டிகளும் ஒரு முறை வைத்துப் பார்க்காமல் நகர்வதில்லை.

குளிர்தான் மெல்பர்னின் குறை. காலையில் வெயில், மதியம் மழை, சாயங்காலம் எலும்பைத் துளைக்கும் காற்று. ஸ்வெட்டர் இல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

அப்படியானால் சிட்னி? ஒரே ஒரு விஷயத்தில் மெல்பர்ன் அதன் பக்கத்தில்கூட வர முடியாது: தண்ணீர். மேற்கு சிட்னியில் இருக்கும் நம்மவர்களில் பலர் பெற்றோரை நகரத்துக்குக் காரில் கூட்டிப்போய், பார்க்கிங் தேடியே பாதி நாளைக் கழிக்கிறார்கள், பக்கத்திலேயே பரமட்டாவில் ஃபெரி இருப்பதை நினைத்தே பார்ப்பதில்லை. பரமட்டா துறையில் ஏறினால் முதலில் இரண்டு கரையிலும் அலையாத்திக் காடு, பறவைகள், படகு மெதுவாகத்தான் போகும். அப்புறம் ஆறு அகலமாகி, வீடுகளும் சின்னச் சின்னத் துறைகளும் கடந்து, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் 1932-இல் திறந்த ஹார்பர் பிரிட்ஜ் என்ற அந்த இரும்புப் பாலத்துக்கு நேர் கீழே நுழைந்து வெளியே வரும்போது ஓபரா ஹவுஸ் எதிரில் நிற்கும். இறங்கி அதன் கூரை ஓடுகளைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். தூரத்தில் வெள்ளை வெளேர் என்று தெரிந்தது பக்கத்தில் இரண்டு வகை, ஒன்று பளபளக்கும் வெள்ளை, மற்றது மினுங்காத வெண்ணெய் நிறம். டென்மார்க்கின் யோர்ன் உட்சன் வரைந்த கட்டடம் அது, 1959-இல் தொடங்கி 1973-இல்தான் திறந்தார்கள்.

ஆகவே ஒரு வாரத்துக்கு வருகிறவர்களைச் சிட்னிக்கு அழையுங்கள், மாதக்கணக்கில் தங்க வருகிறவர்களுக்கு மெல்பர்ன்தான் என்பேன். பிள்ளைகள் சிட்னியில்தான் இருக்கிறார்கள் என்றால், அம்மா அப்பா வந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் ஒருநாள் லீவு போட்டு, அவர்களோடு கூடவே ஃபெரியில் போய் வாருங்கள், அடுத்த முறை அவர்களே போய்க்கொள்வார்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் படகு சில சமயம் பரமட்டா வரை வராது, ரைடல்மியரோடு நின்று அங்கிருந்து பஸ் விடுவார்கள், அதையும் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி வையுங்கள். நன்றி, வணக்கம்.