கட்டுரை முதலில் நரேலாவில் படிக்கப்படட்டும்

அவைத் தலைவர் அவர்களே, தில்லிவாழ் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம்.

பல்கலைக்கழக மானிடவியல் துறை ஒன்று மாநாட்டுக்குப் போவதில் நமக்கென்ன வந்தது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அங்கே ஆய்வு செய்கிறார்கள், கட்டுரை வாசிக்கப் போகிறார்கள், வாழ்த்தி அனுப்பிவிட்டால் போதாதா? போதாது. அவர்கள் வாசிக்கப் போவது நம்மைப் பற்றி.

மாநாடு எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதிவுக் கட்டணம் கட்டினால் கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் ஒரு துணிப்பையும் தருவார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, தலைமையுரை, வாழ்த்துரை என்று தொடக்க விழா நீண்டுகொண்டே போகும். அது விழுங்கிய நேரத்தை எல்லாம் பிற்பகல் அமர்வுகள்தான் ஈடுகட்ட வேண்டும். பதினைந்து நிமிடம் என்று சொல்லி அழைத்த மாணவரிடம் மேடைக்கு வந்தபின் எட்டு நிமிடம் என்பார்கள். ஐந்தாவது நிமிடத்தில் துண்டுச் சீட்டு வரும். முன்னுரையைத் தாண்டியிருக்காத அந்தப் பிள்ளை களத்தில் பார்த்ததை எல்லாம் விட்டுவிட்டு நேராக முடிவுரைக்குத் தாவும். பிறகு மூத்தவர் ஒருவர் கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து தன் ஆய்வைப் பற்றியே பேசிவிட்டு உட்காருவார். அடுத்தது தேநீர்.

இவ்வளவு நெரிசல் ஏன்? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டு கட்டுரைகளாவது கருத்தரங்குகளில் வாசித்திருக்க வேண்டும். 2022இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. சான்றிதழுக்கு நிற்கும் வரிசை நீங்கவில்லை. நான் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. வேலைக்கான நேர்காணலில் அந்தத் தாளைத்தான் கேட்கிறார்கள்.

என் மனக்குறை வேறு. அந்த அறையில் எல்லாரும் இருக்கிறார்கள். யாரைப் பற்றிப் பேச்சோ அவர்கள் மட்டும் இல்லை. இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் எழுதினார். அவை வெளிவந்தது 1909இல். அளவுகோலும் கையுமாகப் போய் மூக்கையும் மண்டையையும் அளந்தவர். வயநாட்டில் பணியர் என்ற பழங்குடிப் பெண்கள் அவரைப் பார்த்து என்ன நினைத்தார்கள் என்பதை அவரே எழுதியிருக்கிறார்: தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்துப் பஞ்சு அடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்தப் போகிறார் என்று நம்பினார்களாம்! அவர் அதை வேடிக்கையாக எழுதினார். எனக்கென்னவோ அந்தப் பெண்கள் பாதி சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள் என்று தோன்றுகிறது.

நல்ல உதாரணமும் இருக்கிறது, அதுவும் இந்த ஊரிலிருந்தே. தில்லிப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறையைச் சேர்ந்த ஆந்த்ரே பெத்தேய், 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து ஸ்ரீபுரம் என்று எழுதினார். அக்கிரகாரத்து வீடு ஒன்றில் தங்க இடம் கொடுத்தார்கள். அதனாலேயே மற்றவர்கள் அவரையும் அந்தத் தெருக்காரராகப் பார்த்தார்கள். சேரிப் பக்கம் தாராளமாகப் போய்வர முடியவில்லை. 1965இல் வந்த நூலில் இந்தக் குறையை அவர் ஒளிக்கவில்லை. எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன் என்று ஆய்வாளர் சொல்லிவிட்டால், எது தெரிந்திருக்காது என்பதைப் படிக்கிறவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எட்டு நிமிட வாசிப்பில் முதலில் வெட்டுப்படுவது இந்தப் பகுதிதான்.

பேசப்படுகிறவர் அறைக்குள் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுபாய் என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு என்று சொல்லி 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். 2003இல் அந்த இனத்துப் பெண் ஒருவர் அதே பல்கலைக்கழகத்தில் நடந்த முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் பார்வையாளராகப் போனார். தங்கள் ரத்தத்தை வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தியது அங்கேதான் தெரியவந்தது. அனுமதி வாங்கினீர்களா என்று எழுந்து கேட்டார். வழக்கு 2010 வரை நடந்து, ஏழு லட்சம் டாலரும், மிச்சமிருந்த ரத்த மாதிரிகளும் அவர்களிடம் வந்து சேர்ந்தன. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1947 முதல் இயங்கும் மானிடவியல் துறையிலும் சமூகத்தோடு உடலையும் மரபணுவையும் சேர்த்துத்தான் படிக்கிறார்கள். ஆகவே இதை அமெரிக்கக் கதை என்று ஒதுக்க முடியாது.

2023 அக்டோபரில் தில்லிப் பல்கலைக்கழகத்தில் உலக மானிடவியல் மாநாடு நடந்தது. அது இங்கே வந்ததே ஒரு சர்ச்சையால்தான். முதலில் புவனேஸ்வரில், பழங்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடக் கல்வி நிறுவனம் ஒன்று அதை நடத்துவதாக இருந்தது. குழந்தைகளை மண்ணிலிருந்தும் மொழியிலிருந்தும் பிரிக்கும் இடத்தில் மானிடவியல் மாநாடா என்று ஆதிவாசி அமைப்புகளும் அறிஞர்களும் எதிர்த்தார்கள். நிறுவனம் அதை மறுத்தது. ஆனாலும் 2020இல் மானிடவியலாளர்களின் உலக அமைப்பு அந்த நிறுவனத்தோடு உறவை முறித்துக்கொண்டது.

இனி நம் கதைக்கு வருகிறேன். ஜங்க்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் நம் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களுக்குத் தில்லியின் வடகோடியில் தொலைவில் இருக்கும் நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்றார்கள். தகுதியைத் தீர்மானித்தது காகிதம். வீட்டு வேலைக்குப் போகும் தாய் திரும்பும்வரை எந்த வீட்டுப் பாட்டி குழந்தையைப் பார்த்துக்கொண்டாள் என்று எந்தப் படிவமும் கேட்காது. அதைக் கேட்பதற்குத்தான் மானிடவியல் என்றொரு படிப்பு இருக்கிறது.

நம் மாணவி ஒருவர் இதைத்தான் எழுதியிருக்கிறார். மாநாட்டுக்கு முன் அதை நரேலாவில் வாசிக்கலாம் என்றேன், தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே பாய் விரித்து, ஆங்கிலக் கட்டுரையைப் பத்தி பத்தியாகத் தமிழில் சொன்னார். பெண்கள் பலர் பழைய வேலையை விட்டுவிட்டார்கள் என்ற இடம் வந்ததும் ஓர் அம்மா கையை நீட்டி நிறுத்தினார். விடவில்லையாம். வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்யும் வீட்டிலேயே தங்கிவிட்டு, சனிக்கிழமை இரவு பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்களாம். பகலில் போய்க் கணக்கெடுத்தால் ஆள் இருக்கமாட்டார். வேலை போய்விட்டது என்று அண்டை வீட்டார் சொல்லியிருப்பார்கள். கட்டுரையின் மையக் கருத்தே அதில் ஆட்டம் கண்டுவிட்டது. எந்த மாநாட்டு அமர்விலும் இந்தத் திருத்தம் வந்திருக்காது, ஏனென்றால் அங்கே யாருக்கும் தெரியாது.

துறைத் தலைவர்கள் சிலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். பயணப்படி கேட்டு வரும் மாணவரிடம் கட்டுரைச் சுருக்கத்தைக் கேட்கிறீர்கள். அதோடு, இதைச் சம்பந்தப்பட்டவர்களிடம் வாசித்துக் காட்டினாயா, என்ன சொன்னார்கள் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். அதற்குப் பணமும் வேண்டாம், குழுவும் வேண்டாம்.

திருத்திய கட்டுரையின் மறுவாசிப்பு வருகிற ஞாயிறு மாலை நரேலாவில். எல்லாரும் வீட்டில் இருக்கும் நாள் என்று அவர்களே குறித்த நாள் அது. உடன் வர விரும்புகிறவர்கள் மெட்ரோவில் சமய்பூர் பாத்லி வரை வந்துவிட்டால் அங்கிருந்து சேர்ந்து போகலாம். கார் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். இப்போது கேள்விகள் கேட்கலாம்; ஒலிவாங்கியைப் பின்வரிசைக்கு முதலில் கொடுங்கள்.