குழந்தை போன பிறகு அந்த இருவர்

நேயர்களுக்கு வணக்கம். வயிற்றிலேயே இறந்த குழந்தை, பிறந்து இரண்டொரு நாளில் போய்விட்ட குழந்தை என்று பறிகொடுத்த தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை.

நம் வீடுகளில் அப்போது என்ன நடக்கிறது? அம்மா பிரசவ வார்டில் படுத்திருப்பாள். அப்பாவும் பெரியவர்களும் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டு வருவார்கள். "முகத்தைப் பார்த்துட்டா மறக்கவே மாட்டா" என்று பல வீடுகளில் அவளிடம் காட்டுவதே இல்லை. அப்புறம் அவள் தாய்வீட்டுக்கு, அவர் வேலைக்கு. குழந்தையின் முகம் அவருக்கு மட்டும் தெரியும். அது உதைத்தது, புரண்டது எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டிய இந்த இருவரைத்தான் ஆளுக்கொரு ஊரில் வைத்துவிடுகிறோம்.

இரண்டு மூன்று நாளில் பால் சுரக்கத் தொடங்கும். மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள், டாக்டர்கள் மாத்திரையும் தருவார்கள். அவள் படுகிற இந்த வேதனையைப் பல கணவர்களுக்கு யாரும் சொல்வதே இல்லை.

அவரிடமோ, "நீதான் அவளுக்குத் தைரியம் சொல்லணும்" என்கிறார்கள். அதனால் அவர் அவள் எதிரில் அழுவதில்லை. "அவருக்குக் கவலையே இல்லைங்க" என்று அவள் என்னிடம் சொல்வாள். தனியாகப் பேசினால் அவர் உடைந்து அழுவார். துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வேலைகளின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவார் என்று நெதர்லாந்தின் உளவியல் ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷூட்டும் 1999இல் எழுதினார்கள். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இருப்பது அபூர்வம். அவர் ஆபீஸ் கிளம்பும் அன்றைக்கு அவளுக்கு எழுந்திருக்கவே முடியாமல் போகலாம். அதை அன்பில்லாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கருச்சிதைவு ஆனால் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் சொல்கிறது. குழந்தை இறந்து பிறந்தாலோ, பிறந்ததும் இறந்தாலோ மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கு 60 நாள் சிறப்பு விடுப்பு என்று 2022இல் உத்தரவு வந்தது. இரண்டிலும் தகப்பனுக்கு ஒரு நாள்கூட இல்லை. இது பெரிய குறை.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். "சின்ன வயசுதானே, அடுத்தது பிறக்கும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவள் கேட்டால் முகத்தைக் காட்டுங்கள். தாய்வீட்டுக்கு அனுப்பினால் மாப்பிள்ளையையும் சில நாள் அங்கே இருக்கச் சொல்லுங்கள். தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் நாட்கள் போனால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், உடனே 14416க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் இலவச எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கணவர்களே, அந்த எண் உங்களுக்கும்தான்.