திருமலையில் வேலைக்குப் போக ஒரு மலிவு ரோட் பைக்: வாங்குமுன் ரயரைப் படியுங்கள்

(காட்சி: விடியற்காலை, சாம்பல்தீவுப் பாலம். ஓரத்தில் சாய்ந்து நிற்கும் நீலநிறச் சைக்கிள்.)

வணக்கம். நிலாவெளியில் இருந்து திருமலை, அதாவது திருகோணமலை நகரத்துக்கு நான் தினமும் வேலைக்குப் போகிற வழி இது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, பின்ரயர் வெடித்த இந்த ரோட் பைக்கை, அதாவது இந்த வளைந்த ஹாண்டில் சைக்கிளை, இதே பாலத்தில் இருந்து தள்ளிக்கொண்டு போனேன். வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. வழியில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் ரயரைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "தம்பி, இது நம்மட பக்கம் கிடைக்கிற ரயர் இல்லையே" என்றார்.

ஆளுக்கு மனம் கேட்கவில்லை. பெரிய சைக்கிளின் 28 அங்குல ரயர் ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தார். கையாலேயே ஏறிவிட்டது. எனக்குச் சந்தோஷம். காற்று அடிக்க அடிக்க ஒரு பக்கம் ரிம்மை விட்டு மெல்ல மேலே எழும்பியது, சோறு பொங்குவது போல. உடனே காற்றைத் திறந்துவிட்டார். அப்புறம் மூன்று கிழமை எனக்கு பஸ்தான்.

இந்த வீடியோ முக்கால்வாசி அந்த ரயரைப் பற்றித்தான்.

(காட்சி: ரயரின் பக்கச் சுவர், மிக அருகில். விரல் இலக்கத்தைத் தடவுகிறது.)

பாருங்கள், ரயரின் ஓரத்தில் சின்னதாக ஒரு இலக்கம் இருக்கும். 28-622, 32-630, இப்படி. முதல் இலக்கம் ரயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, ரயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது இலக்கம்.

இப்போது வருகிற ரோட் பைக்குகளுக்கு 622. 700சி என்று சொல்வார்கள். 29 அங்குல மவுண்டன் பைக்குக்கும் இதே 622தான். பழைய ரோட் பைக்குகள் பலவற்றில் 27 அங்குலம், அதாவது 630. நம் அப்பாமார் ஓட்டிய பெரிய சைக்கிளில் 28 × 1½ ரயர் என்றால் அது 635. மூன்றையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் 630 ரிம்மில் 622 ரயர் ஏறவே ஏறாது. 635 ஏறும், ஏறி என்ன செய்யும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

என் சைக்கிளில் இருந்தது 630. என்னிடம் விற்றவர் "700 தான்" என்று சொல்லித்தான் விற்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. நானும் நிறத்தைப் பார்த்தேன், கியரைத் தட்டிப் பார்த்தேன், இலக்கத்தைப் பார்க்கவில்லை. ஆகவே விற்பனைப் படத்தில் சைக்கிள் எவ்வளவு பளபளத்தாலும், ரயரின் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதை உங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரரிடம் காட்டுங்கள். அவர் தலையாட்டினால் மட்டும் பார்க்கப் போங்கள்.

காற்று அடிக்கும் வாயையும் பாருங்கள். ரோட் பைக்கில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கலாம். கடைப் பம்ப் அதற்குப் பிடிக்காது. ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டால் தீர்ந்தது.

அகலம்? நிலாவெளி வீதியோரம் கடல் மண் படிந்திருக்கும். 23 மில்லிமீற்றர் ரயர் அதில் வழுக்கும். 28 போடுங்கள், ஃபிரேமில் இடம் இருந்தால் 32. அகலம் கூடினால் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓடலாம், குழியில் முதுகும் தப்பும்.

(காட்சி: சீற் கம்பியை இழுக்கும் கை.)

அடுத்தது உப்புக் காற்று. இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினியச் சீற் கம்பி இருந்தால், உப்பும் ஈரமும் சேர்ந்து இரண்டையும் ஒட்ட வைத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விற்பவரிடம் சீற்றை ஒரு அங்குலம் உயர்த்தித் தரச் சொல்லுங்கள். "அது சரியான உயரத்தில்தான் இருக்கு" என்று மழுப்பினால், கம்பி இறுகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஹாண்டிலுக்குக் கீழே, முன் குழாய் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். சின்ன மடிப்பு, வீக்கம், பெயின்ட் வெடிப்பு தட்டுப்பட்டால் அந்தச் சைக்கிள் எதிலோ நேராக மோதியிருக்கிறது. சும்மா தந்தாலும் வேண்டாம்.

செயினுக்குப் பள்ளிக்கூட அடிமட்டம் போதும். ஒரு பின்னின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். அது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயின் மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு என்றால் பின்பற்சக்கரமும் போய்விட்டது. அந்தக் காசைப் பேரத்தில் கழியுங்கள்.

பிரேக்கைப் பற்றி ஒன்று. பழைய சைக்கிளில் ரிம் குரோம் பூசிய இரும்பாக இருந்தால், மாரி மழையில் பிரேக் பிடித்தும் வண்டி நழுவிக்கொண்டே போகும். காந்தம் ஒட்டினால் இரும்பு. இருட்டிய பிறகு டொக்யாட் வீதிப் பக்கம் மான்கள் குறுக்கே வந்து நின்று நம்மையே பார்க்கும் ஊர் இது, அலுமினிய ரிம் வேண்டும்.

"இவ்வளவு பார்க்கிறதுக்குப் பேசாமல் சாதாரணச் சைக்கிள் வாங்கலாமே?" என்று மனைவி கேட்டார். மூன்று நாலு கிலோமீற்றர்தான் ஓட்டம் என்றால் அவர் சொன்னது சரி, அதையே வாங்குங்கள், கரியரும் மட்காட்டும் சேர்ந்தே வரும். தூரம் அதிகம் என்றால் நான் ரோட் பைக் பக்கம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கண்டி வீதியால் சீனக்குடாப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், நிமிர்ந்து இருந்து மிதித்தால் சைக்கிள் நின்ற இடத்தில் நிற்பது போல இருக்கும். வளைந்த ஹாண்டிலின் கீழ்ப்பிடியைப் பிடித்துக் குனிந்தால் வண்டி நகரும்.

மலிவு வண்டி எங்கே கிடைக்கும்? 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் அவசரமாக வாங்கி, வரிசை குறைந்ததும் மூலையில் வைத்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். கையில் இருக்கும் காசு முழுவதையும் சைக்கிளுக்கே கொடுக்காமல், ரயர், ரியூப், பிரேக் வயருக்கு நாலில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

(காட்சி: நீலச் சைக்கிளின் பின் பிரேக், அருகில்.)

என் சைக்கிள் என்ன ஆயிற்று? இதுதான் அது. கடைசியில் பழைய 622 சில்லுச் சோடி ஒன்று கிடைத்தது. 630க்கும் 622க்கும் விட்டத்தில் 8 மில்லிமீற்றர் வித்தியாசம், அப்படியென்றால் பிரேக் கட்டை 4 மில்லிமீற்றர் கீழே இறங்கினால் போதும். இந்த நீள ஓட்டையைப் பாருங்கள், நட்டைத் தளர்த்திக் கட்டையை அடிவரைக்கும் இறக்கியிருக்கிறது. மிச்சம் ஒரு நகக்கண் அளவு இடம்கூட இல்லை. அதே கடைக்காரர்தான் செய்து தந்தார்.