அட்டைப்பெட்டி பஸ்ஸுக்கு ஒரு ஹார்ன்: ஆர்டுயினோ இல்லாமலேயே

[காட்சி: மேசையில் அட்டைப்பெட்டி பஸ். விரல் சிவப்புப் பட்டனை அழுத்துகிறது. "பாம்... பாம்..."]

அக்கா பையனுக்காகச் செய்த பஸ் இது. லைட் எரிந்தது, சக்கரம் சுற்றியது. அவன் கேட்டது ஒன்றுதான்: "மாமா, ஹார்ன் எங்கே?"

சாதாரண பஸ்ஸரை வைத்தால் 'கீ' என்றுதான் கத்தும். நிஜ ஹார்ன் கேட்க வேண்டுமென்றால், பதிவு செய்த ஃபைலை வாசிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இதோ, டிஎஃப்பிளேயர் மினி. மெமரி கார்டு ஸ்லாட், ஆம்ப்ளிஃபயர் இரண்டும் இதற்குள்ளேயே இருக்கின்றன. ஒரு பட்டனுக்கு ஒரு சத்தம் போதும் என்றால், புரோகிராம் எழுதி இயக்கும் குட்டிக் கணினிப் பலகையான ஆர்டுயினோவும் வேண்டாம், புரோகிராமும் வேண்டாம்.

[நெருக்கமான காட்சி: மாட்யூலின் பின்கள்]

இருபுறமும் எட்டெட்டு பின்கள். விசிசியில் பேட்டரியின் பிளஸ், ஜிஎன்டியில், அதாவது கிரவுண்டில், மைனஸ். 3.2 முதல் 5 வோல்ட் வரை தாங்கும். அதனால் மூன்று பென்சில் செல் சரி. நான்கு போட்டால் 6 வோல்ட், வேண்டாம்.

இப்போது ஸ்பீக்கர். எஸ்பிகே 1, எஸ்பிகே 2 இரண்டுக்கும் நடுவில் ஒரு கிரவுண்ட் பின் உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள். ஸ்பீக்கரின் ஒரு ஒயர் கிரவுண்டுக்குத்தானே போகும் என்று பழக்க தோஷத்தில் கை அங்கே போகும். போகக்கூடாது. இரண்டு ஒயரும் இரண்டு எஸ்பிகே பின்களுக்குத்தான்.

அப்புறம் பட்டன். ஒரு கால் ஏடிகீ 1 பின்னில், இன்னொரு கால் கிரவுண்டில். அழுத்தினால் முதல் பாட்டு ஓடும். ஏடிகீ 2 என்றால் ஐந்தாவது. மாட்யூலில் உள்ள சிப் மாறினால் இந்தப் பழக்கமும் கொஞ்சம் மாறலாம், சால்டர் வைப்பதற்கு முன் பிரெட்போர்டில் (ஒயர்களைச் செருகிச் சோதிக்கும் பலகை) பார்த்துவிடுங்கள்.

[காட்சி: கணினித் திரை, மெமரி கார்டு ஃபோல்டர்]

என்னைப் படுத்திய இடம் இது. ஹார்ன் பட்டனை அழுத்தினேன், கதவு மூடும் சத்தம் வந்தது. ஒயரையெல்லாம் பிரித்து மாட்டினேன். தப்பு ஒயரில் இல்லை. இந்த மாட்யூல் 'முதல் பாட்டு' என்று எடுத்துக்கொள்வது பெயரில் முதலாவதை அல்ல, கார்டில் முதலில் காப்பியானதை. நானோ எல்லாவற்றையும் மொத்தமாக இழுத்துப் போட்டிருந்தேன். கார்டை எஃப்ஏடி 32-இல் ஃபார்மேட் செய்து, ஃபைல்களை ஒவ்வொன்றாக, வரிசையாகக் காப்பி செய்யுங்கள். கார்டு 32 ஜிபிக்கு மேல் வேண்டாம்.

சத்தம் தாமதமாக வருகிறதா? பட்டனைத் திட்டாதீர்கள், ஃபைலைத் திறந்து பாருங்கள். ஆரம்பத்தில் அரை நொடி மௌனம் இருக்கும். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் அதை வெட்டிவிட்டு, எம்பி3-க்குப் பதில் வேவ் ஃபைலாகச் சேமியுங்கள். அதையும் இது வாசிக்கும். ஹார்ன் அடிக்கும்போது லைட் மங்கினால், விசிசிக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. பிளஸ் மைனஸ் மாறிவிடக் கூடாது.

ஐஓ 2 பின்னிலும் இப்படியே ஒரு பட்டன் வைக்கலாம். தட்டினால் அடுத்த பாட்டு, அழுத்திப் பிடித்தால் வால்யூம் ஏறும். வீட்டில் சின்னப் பையன் இருந்தால் அந்தப் பட்டனை மட்டும் பஸ்ஸுக்கு அடியில் ஒளித்து வையுங்கள். நான் வைக்கவில்லை.

[காட்சி: "பாம்ம்ம்..." உள்ளறையிலிருந்து அக்காவின் குரல்: "டேய்!"]