காஸ் விளக்கு முதல் கறிச் சந்தை வரை

நேயர்களுக்கு வணக்கம். லண்டனைப் பற்றிப் பேசச் சொன்னால் அரண்மனை, கோபுரக் கடிகாரம், ஆற்றங்கரை ராட்டினம் என்று பலரும் ஒரு வரிசை ஒப்பிப்பார்கள். எல்லாம் பகலில், சிவப்புப் பஸ்ஸின் மாடியில் உட்கார்ந்து பார்த்தவை. அதே ஊரை ராத்திரி பத்து மணிக்கு மேல் நடந்து பார்ப்பது எப்படி என்று இன்றைக்குச் சொல்லப் போகிறேன். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் தொடங்கி ஸ்மித்ஃபீல்டு கறிச் சந்தையில் முடிகிற நடை. விறுவிறுவென்று நேர்வழியில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நாம் அப்படிப் போகப் போவதில்லை.

ஊர் முழுக்க ஃபிளட் லைட் போட்டுக் கட்டடங்களைக் காட்டுகிறார்கள். அவை எங்கேயும் ஓடிவிடாது, பகலில் பார்த்துக்கொள்ளலாம். ராத்திரியில் பார்க்க வேண்டியவை அந்த ஊரின் விளக்குகள்தான். அவற்றைப் பிடித்துக்கொண்டு போனால் லண்டனின் கதை பாதி தெரிந்துவிடும்.

முதல் விளக்கு தலைக்கு மேலேயே இருக்கிறது. பிக் பென் கோபுரத்தில் கடிகாரத்துக்கும் மேலே ஒரு விளக்கு எரிந்தால், இருட்டிய பிறகும் நாடாளுமன்றம் நடக்கிறது என்று பொருள். 1885-இல் வைத்தது. உறுப்பினர்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்களா என்று விக்டோரியா ராணி அரண்மனையிலிருந்தே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாராம். நம் சட்டமன்றங்களுக்கும் ஒன்று வைக்கலாம். சரி, அது வேறு பேச்சு.

அங்கிருந்து செயின்ட் ஜேம்ஸ் பூங்காவுக்குள் நுழையுங்கள். நள்ளிரவில் பூட்டிவிடுவார்கள், அதற்கு முன்னால் போய்விட வேண்டும். இங்கே எரிபவை காஸ் விளக்குகள். லண்டனில் இன்னும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காஸ் விளக்குகள் தெருக்களில் எரிகின்றன. ஒரு கம்பத்தின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் சின்னச் சின்ன மேண்டில்கள் தொங்கும். கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் தூக்கி வருவார்களே, அதில் கட்டியிருக்கும் அதே மேண்டில்தான். ஒருமுறை எரிந்துவிட்டால் வெறும் சாம்பல் கூடு, விரல் பட்டால் பொடிந்துவிடும். ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் என்ற வேதியியல் அறிஞர் 1880-களில் கண்டுபிடித்த சாமான் அது. கூண்டுக்குக் கீழே கம்பத்தின் குறுக்கே ஒரு சிறு இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும். விளக்கேற்றுபவர் ஏணியைச் சாய்த்து வைப்பதற்கு. அந்த ஏணி இன்றும் ஓய்வு பெறவில்லை. விளக்குகளில் கடிகாரம் பொருத்தியிருக்கிறார்கள்; வேளை வந்தால் தானே எரியும், தானே அணையும். ஆனால் அந்தக் கடிகாரத்துக்குப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை யாராவது ஏறிச் சாவி கொடுத்தாக வேண்டும். அதற்கென்று ஒரு சிறு குழு ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம் தன் பொறுப்பில் இருக்கும் காஸ் விளக்குகளை எல்.இ.டி. ஆக்கப்போவதாக அறிவித்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் பல விளக்குகள் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் ஏறிவிட்டன. செலவு, கரியமில வாயு என்று மன்றம் சொன்ன காரணங்களைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் நான் விளக்குகளின் கட்சிதான். இந்த வெளிச்சம் கண்ணைக் குத்தாது. தரையில் சின்னதாக ஒரு வட்டம், அதைத் தாண்டினால் இருட்டு, அப்புறம் அடுத்த வட்டம். எதிரே வருகிறவர் தோன்றி மறைந்து மறுபடி தோன்றுவார்.

பூங்காவைத் தாண்டினால் பால் மால் தெரு. 1807-இல் ஃபிரெடெரிக் வின்சர் என்ற ஜெர்மன்காரர் இங்கேதான் தெருவுக்கு காஸ் விளக்கு போட்டுக் காட்டினார். குழாய்க்குள் ஏதோ ஓடுகிறது, திரியே இல்லாமல் எரிகிறது என்று கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. ஐந்தே வருடத்தில் காஸ் கம்பெனிக்கு அரச சாசனம் கிடைத்தது. 1813-இன் கடைசி நாள், நாம் புறப்பட்டோமே அந்த வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலேயே காஸ் விளக்கு எரிந்தது. இப்போது நிற்பது அந்தப் பாலம் அல்ல, அதே இடத்தில் பிறகு கட்டியது.

அதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? பந்தம் பிடிக்கும் பையனைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். செயின்ட் ஜேம்ஸ், மேஃபேர் பகுதிகளில் பழைய மாளிகைகளின் வாசல் கம்பிகளை உற்றுப் பாருங்கள். புனலைக் கவிழ்த்து வைத்தது போல இரும்பில் ஒரு குப்பி இருக்கும். எஜமானரை வாசலில் விட்டதும் பையன் பந்தத்தை அதற்குள் செருகி அணைப்பான். மிச்சம் இருப்பது அடுத்த சவாரிக்கு. சில பையன்கள் வழி காட்டுவதுபோல் கூட்டிப்போய்த் திருடர்கள் கையில் ஒப்படைத்துவிடுவார்கள் என்ற கெட்ட பேரும் உண்டு.

இனி கிழக்கே திரும்பினால் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனை ஒட்டி குட்வின்ஸ் கோர்ட் என்று ஒரு சந்து. இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் முழுக்க, வெளியே வளைந்து பிதுங்கும் பதினெட்டாம் நூற்றாண்டுக் கடை ஜன்னல்கள். காஸ் வெளிச்சம் அந்தச் சிறு கண்ணாடிச் சதுரங்களில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி நெளியும். பழைய கண்ணாடி, சமமாக இருக்காது அல்லவா? அடுத்த தெருவில் நாடகம் விட்டு வருகிற கூட்டம் கூச்சல் போடும். இங்கே விளக்கு மெலிதாக உஸ்ஸென்று இரைவதுகூடக் காதில் விழும்.

ஸ்ட்ராண்ட் சாலையைக் கடந்தால் சவாய் ஹோட்டலின் பக்கவாட்டில் கார்ட்டிங் லேன் இறங்குகிறது. இங்கே ஒரு விளக்கு இருக்கிறது, சாக்கடை வாயு விளக்கு. ஹோட்டல் விருந்தினர்களின் கழிவிலிருந்து கிளம்பும் வாயுவில்தான் எரிகிறது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. விளக்கு எரிவது ஊருக்குப் பொதுவான சாதாரண காஸில். அதன் சூட்டில் கம்பத்துக்குள் காற்று மேலே இழுக்கப்படும். அதோடு கீழே சாக்கடையில் தேங்கிய வாயுவும் ஏறி வந்து எரிந்துபோகும். நாற்றமும் போயிற்று, வெடிக்கும் என்ற பயமும் போயிற்று. பர்மிங்ஹாமைச் சேர்ந்த வெப் என்பவரின் யோசனை. ஊர்க்காரர்கள் இந்தச் சந்தின் பெயரில் முதல் எழுத்தை மாற்றி வேறு மாதிரிக் கூப்பிடுகிறார்கள். அதை வானொலியில் சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால், இதே சவாய் வளாகத்தில் உள்ள நாடக அரங்கம்தான் முழுக்க முழுக்க மின்விளக்கு போட்ட உலகின் முதல் பொதுக் கட்டடம். 1881-இல் திறந்தார்கள். கீழே ஆற்றங்கரைச் சாலையில் அதற்கும் முன்னால், 1878-இலேயே மின்விளக்கு எரிந்தது. செலவு கட்டவில்லை என்று 1884-இல் கழற்றிவிட்டு மறுபடி காஸுக்கே போனார்கள். புதுசு வந்தவுடன் பழசு ஒழிந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். இந்தக் கரையில் அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. மீன்கள் வாலைச் சுருட்டிக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்து விளக்குத் தூண்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. மீனின் முகத்தைக் கிட்டத்தில் பாருங்கள், அத்தனை கோபம்.

வாட்டர்லூ பாலத்தின் நடுவுக்கு வந்துவிடுங்கள். லண்டன் பாலம் முதல் லாம்பெத் பாலம் வரை ஒன்பது பாலங்களுக்கு லியோ வில்லரியல் என்ற அமெரிக்கக் கலைஞர் எல்.இ.டி. விளக்குகள் அமைத்திருக்கிறார். 2021-இல் முடிந்த வேலை. நிறம் மெல்ல மெல்ல நகரும். இரவு இரண்டு மணிக்கு அணைத்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அணைத்த பிறகு வரும் தேம்ஸ்தான். அது கடலேற்றம் உள்ள ஆறு. நகருக்குள் ஆறேழு மீட்டர் ஏறி இறங்கும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இருட்டில் நின்று கண்டுபிடிப்பதே ஒரு பொழுது.

அடுத்து ஃப்ளீட் தெரு. ஒரு காலத்தில் ராத்திரி முழுக்கப் பத்திரிகை அச்சு எந்திரங்கள் ஓடிய தெரு. 1980-களில் அவை கிளம்பிப் போன பிறகு இரவில் ஆளரவமே இல்லை. இந்தத் தெருவிலிருந்தே தொடங்குவது 'சிட்டி' என்னும் பழைய நகரம். அங்கே வேலைக்கு வருகிறவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். குடியிருந்தவர்கள் 2021 கணக்கெடுப்பில் பத்தாயிரத்துக்கும் குறைவு. அதனால் ராத்திரியில் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் நடமாடுவது பெரும்பாலும் துப்புரவுத் தொழிலாளர்கள்தான். மேற்கு ஆப்பிரிக்கர்கள், தென்னமெரிக்கர்கள். நாலு மணி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், சீருடையோடு தூங்கி வழிகிறவர்களால் நிறைந்திருக்கும்.

செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பின்னால் செயின்ட் மார்ட்டின்ஸ் லெ கிராண்ட் என்ற தெரு இருக்கிறது. அங்கே இருந்த தேவாலயத்தில் ஊரடங்கு மணி அடித்தால் கதவுகள் சாத்தப்படும். அதன் பிறகு ஆயுதத்தோடு தெருவில் அலைபவனைப் பிடித்து அடைக்கலாம் என்று 1285-ஆம் வருடச் சட்டம் சொன்னது. பெரிய மனிதர், நல்ல பேர் உள்ளவர் என்றால் விலக்கு. நல்ல பேர் உண்டா இல்லையா என்பதைக் காவல்காரர்தான் முடிவு செய்ய வேண்டும்! நாம் இப்போது சும்மா நடக்கும் இந்த நேரத்தில், இதே இடத்தில் நின்று யாரோ ஒருவர் தன் யோக்கியதையை நிரூபிக்கப் படாத பாடு பட்டிருப்பார்.

இன்னும் கொஞ்சம் போனால் ஒரு சுவரில் பொன்முலாம் பூசிய குண்டுப் பையன் சிலை. 1666-இன் பெருந்தீ அந்தப் பக்கம் வந்து நின்ற இடம். ஊர்க்காரர்களின் பெருந்தீனிக்குக் கிடைத்த தண்டனை என்று கீழே எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த மூலையிலேயே கறிச் சந்தை!

ஸ்மித்ஃபீல்டில் வியாபாரம் தொடங்குவது காலை இரண்டு மணிக்கு. இத்தனை நேரம் ஆளில்லாத தெருக்களில் வந்தவருக்கு அந்த வெளிச்சமும் சத்தமும் அறைந்தாற்போல இருக்கும். 1868-இல் திறந்த இரும்புக் கூரைக் கட்டடம். வெள்ளைக் கோட்டில் ரத்தக் கறையோடு ஆட்கள், கொக்கியில் முழு ஆடுகள், தள்ளுவண்டிகள், கெட்ட வார்த்தைகள். சைவக்காரர்கள் வாசலோடு நின்றுகொள்ளலாம், கோபுரங்களின் அழகு வெளியிலிருந்தும் தெரியும். எண்ணூறு வருடத்துக்கும் மேலாக இந்தத் திடலில் கால்நடையும் கறியும் விற்கிறார்கள். இனி நீடிக்காது. சந்தையை மூடிவிடுவது என்று நகர நிர்வாகம் 2024-இல் முடிவு செய்தது. வியாபாரிகள் 2028 வரையாவது இருப்பார்கள் என்பது ஏற்பாடு. பக்கத்துப் பழைய சந்தைக் கட்டடங்களுக்கு லண்டன் அருங்காட்சியகம் குடிவருகிறது. அருங்காட்சியகத்தை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். சந்தைக்கு முதலில் போங்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூனில் போகாதீர்கள், ஒன்பதரைக்குத்தான் இருட்டும், நாலு மணிக்கே வெளுத்துவிடும். நவம்பர், பிப்ரவரி நல்லது, குளிருக்குத் துணிந்தால். செல்போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். சைக்கிளில் வந்து பறித்துக்கொண்டு போகிறவர்கள் அங்கே அதிகம். தனியாகப் போவதைவிடத் துணையோடு போவது மேல், பெண்களுக்கு இன்னும் மேல். கழிப்பறை எங்கே திறந்திருக்கும் என்பதை முன்பே பார்த்து வையுங்கள். கிழமையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சுரங்க ரயில் இரவு முழுக்க ஓடுவது வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், அதுவும் சில தடங்களில். சந்தையோ திங்கள் முதல் வெள்ளி வரைதான். வெள்ளி ராத்திரி புறப்பட்டால் ரயில் இருக்கும், சந்தை இருக்காது. வியாழன் ராத்திரி புறப்பட்டால் சந்தை இருக்கும், ரயில் இருக்காது. நான் வியாழன்தான் சொல்வேன். பஸ் இருக்கிறது, இல்லாவிட்டால் சந்தைப் பக்கம் ஒரு டீ வாங்கிக்கொண்டு உட்காருங்கள், ஃபாரிங்டன் ஸ்டேஷனை ஐந்தரை மணி வாக்கில் திறந்துவிடுவார்கள்.

நன்றி, வணக்கம்.